வெட்டுவதற்கு முன் லோரிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

மலேசியாவின் பினாங்கில் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிழட்டு லோரி ஒன்று வந்து நின்றால், அது என்ன லோரி என்று தெரிந்துகொள்ள எல்லாரும் முதலில் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. பித்தளைத் தகடும் ரேடியேட்டர் பேட்ஜும் எப்போதோ கழன்று போயிருக்கும். போதாக்குறைக்கு, போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்ட லோரிகள் இங்கே மரம் இழுக்கவும் ஈய லம்பங்களுக்கும் (சுரங்கங்களுக்கும்) போயின. கேபின் உளுத்தால் பலகையில் புதிதாகக் கட்டினார்கள். என்ஜின் படுத்தால் ஹினோவோ இசுசுவோ தூக்கி வைத்தார்கள். ஆகவே முகத்தையும் என்ஜினையும் நம்பிப் பெயர் சொல்லக் கூடாது. சேஸி என்னும் அடிச்சட்டமும் அச்சும்தான் பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கும்.

கனரக வாகனப் பட்டறை வைத்திருப்பதால் இப்படிப்பட்ட லோரிகளைப் பார்க்க என்னை அவ்வப்போது கூப்பிடுவார்கள். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு கடையில் வேலை செய்யும் தம்பி, "அண்ணே, தவுக்கே இத பெட்போர்டுங்கறாரு. நாளைக்கு வெட்டப் போறோம், கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். தவுக்கே என்றால் கடை முதலாளி. பலகைக் கேபின், ஜப்பான் என்ஜின். சரி, பின்னால் போய்ப் படுத்துப் பார்த்தேன்.

சாதாரண பத்துச்சக்கர லோரியில் பின்பக்கம் இரண்டு அச்சு இருக்கும். இதில் நடுவே ஒரே ஓர் அச்சு. அதன் இரண்டு முனையிலும் நீளமான வார்ப்புப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியின் முன்னும் பின்னும் ஒரு சக்கரம். பெட்டி நடுவில் தாங்கி நின்று தராசுத் தண்டு மாதிரி ஏறி இறங்கும். உள்ளே வரிசையாகப் பற்சக்கரங்கள் இருந்து, அச்சின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் கொண்டுபோகும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலும் மற்றது தரையை விடாது. இதைப் பார்த்த பிறகு பேட்ஜ் எதற்கு? இது இங்கிலாந்தின் வாட்ஃபர்டில் செய்த ஸ்காமல்.

அப்புறம் முன்பக்கம். முன்னச்சுக்கு ஓட்டும் தண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் அது 1950களின் எக்ஸ்புளோரர், ஆறு சக்கரமும் ஓடும். போகாவிட்டால் பயனியர். இதில் போகவில்லை. பயனியர் 1927இல் வந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் பீரங்கி இழுக்கவும், பழுதான வண்டிகளை மீட்கவும், டாங்கிகளைச் சுமக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் இருந்திருக்க வேண்டிய என்ஜின் கார்ட்னர் 6எல்டபிள்யூ: 8.4 லிட்டர், 102 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டித்தான், ஆனால் சேற்றில் இழுக்கும் பலம் அபாரம். ஒன்று கவனியுங்கள்: கார்ட்னர் என்ஜினை ஈஆர்எஃப், ஃபோடன், அட்கின்சன் எல்லாரும் வாங்கிப் போட்டார்கள். என்ஜினில் கார்ட்னர் என்று இருந்தாலும் லோரியின் பெயர் அதிலிருந்து வராது.

வெட்டுவதைத் தள்ளிப்போடச் சொன்னேன். தவுக்கேயும் ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட வண்டியைத் தேடிச் சீர்செய்பவர்கள் இருக்கிறார்கள். எடைக்குப் போட்டுவிட்டால் அந்தப் பற்சக்கரப் பெட்டிக்கு எங்கே போவார்கள்?

நட்டுகளும் ஊரைச் சொல்லும். ஒரு நட்டில் 24 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஆடி, 23 ஏறாமல் நின்றால், பழைய பிரிட்டிஷ் அளவான அரை அங்குல விட்வொர்த் ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள். அரை அங்குலம் என்பது போல்ட்டின் தடிமன்; ஸ்பேனரின் வாய் 23.4 மில்லிமீட்டர். கச்சிதமாக உட்கார்ந்தால் அந்த நட்டு பழைய பிரிட்டிஷ் வேலை. சேஸி முழுக்க அப்படியே இருந்தால் ஐயமே இல்லை.

சேஸி எண்ணைத் தேடும்போது தயவுசெய்து கிரைண்டர் வைக்காதீர்கள். எண் ஆழமில்லாமல் அடித்திருந்தால் துருவோடு அதுவும் போய்விடும். டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, சாக்பீஸ் பூசித் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து எழும்பி வரும். பிறகு யாராவது ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிவைத் தேட வேண்டி வந்தால் அந்த எண்தான் ஆதாரம். பழைய நம்பர் பிளேட் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள். சி என்றால் பஹாங், ஏ என்றால் பேராக். லோரி எங்கே உழைத்தது என்பதற்கு அது ஒரு துப்பு.

இதையெல்லாம்விட நான் கவலைப்படுவது சக்கரத்தை நினைத்துத்தான். போர்க்கால ராணுவ லோரிகள் பலவற்றில் சக்கரமே இரண்டு தட்டுகள், நட்டு போட்டுச் சேர்த்தது. உள்வட்ட நட்டுகள் சக்கரத்தை ஹப்பில் பிடிப்பவை. வெளிவட்ட நட்டுகள் இரண்டு தட்டுகளையும் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் தட்டு பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும். ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு பெயிண்ட் அடிப்பார்கள். இத்தனை வருடத் துருவில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? பெட்போர்டோ வேறெதுவோ, வண்டி தெரியாமல் வழக்கமான லோரி என்று நினைத்து ஸ்பேனர் போடுவதில்தான் ஆபத்து.

காஸ் டார்ச்சும் அப்படியே. டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் கருகி வாயு சேர்ந்து வெடிக்கும். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சக்கரத்தைத் தொடுவதற்கு முன் வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்றை விடுங்கள். காற்று நின்றதும் மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்து பாருங்கள், சேறு அடைத்துக்கொண்டு காற்று உள்ளேயே நின்றிருக்கலாம். இரட்டை டயர் என்றால் உள்டயருக்கும் இதே வேலைதான்.