நனைந்த புத்தகத்தை ஒளித்து வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தொடக்கப் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை, திரும்பி வந்த புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டுவது. கிழிசல், கறை இருக்கிறதா என்று பார்க்கத்தான் புரட்ட வேண்டும். ஆனால் என் கை தேடுவது வேறு. பிள்ளைகள் அடையாளத்துக்கு வைத்துவிட்டு மறந்துபோன பொருட்கள். மாவிலை, மயிலிறகு, ஐஸ்கிரீம் குச்சி, கோயிலில் மடித்துக் கொடுத்த விபூதிக் காகிதம். ஒருமுறை சின்னக் காகிதப் பொட்டலத்தில் ஒரு பால்பல் இருந்தது. இங்கே பிள்ளைகள் விழுந்த பல்லைச் செருப்புக்குள் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். இரவில் எலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊரில் பல்லைக் கூரைமேல் எறிவோம். அந்தப் பொட்டலத்தைத் தேடி முதல் பிரேக்கில் ஓடிவந்த இரண்டாம் வகுப்புக் குழந்தையின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எலி ஏமாந்துபோயிருக்குமே என்பதுதான் அவளுடைய கவலை.

இப்படிக் கிடைத்ததையெல்லாம் மேசைமேல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். தேடி வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம்தான். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பின் எத்தனையோ தலைமுறை ஓடிவிட்டது. ஆனால் பாட்டி இன்னும் 'ஆயா'தான், தாத்தா 'தாத்தா'தான். "மேம், என் ஆயா பேரைத் தமிழில் எழுதித் தாங்க" என்று கேட்பார்கள். ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுப்பேன். அடுத்த வாரம் அதுவே ஏதாவது ஒரு புத்தகத்தின் நடுவில் அடையாளச் சீட்டாகத் திரும்பி வரும். மாதச் சம்பளத்தில் சேராத வருமானம் இது.

இந்தச் சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கவலையும் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வாரம் தவறாமல் வரும் ஒரு பிள்ளை திடீரென்று வருவதை நிறுத்திவிடும். ஆசிரியரைக் கேட்டால், "படிப்பில் ஆர்வம் குறைந்துவிட்டது, போன் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது" என்பார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அந்தப் பிள்ளையின் கணக்கைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தது. பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஒரு புத்தகம் திரும்பாமல் நிற்கும். பிள்ளைக்குப் படிப்பு கசந்துபோகவில்லை. அந்தப் புத்தகத்துக்கு ஏதோ ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று சொல்லப் பயம்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுக்குச் சுறா என்றால் உயிர். நூலகத்தில் சுறாப் புத்தகங்களுக்கு எண் 597.3. அந்த எண் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். டர்பனுக்குப் பக்கத்தில் உம்லாங்காவில், கடலில் குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காக்கும் சுறா வாரியத்தில் சுறாவை அறுத்துக் காட்டும் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து, டர்பன் கடற்கரையில் 1952-இல் முதன்முதலாகச் சுறா வலை கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் எனக்குப் பாடமே நடத்தினான். அப்படிப்பட்டவன் ஒரு டெர்ம் முழுக்க நூலகப் பக்கமே வரவில்லை. வராந்தாவில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஒருநாள் பள்ளி விடும் நேரம் அவனுடைய ஆயா வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே, தண்ணீரில் ஊறி உப்பி, ஓரமெல்லாம் கரும்பச்சைப் பூஞ்சை பிடித்த சுறாப் புத்தகம். பையனின் பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டான். கட்டிலை நகர்த்திக் கூட்டும்போது அகப்பட்டிருக்கிறது.

"புக்கு கெட்டுப்போச்சும்மா. எவ்ளோ கட்டணும்?" என்று தமிழில் கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறந்தார். அதில் இருந்தவை எல்லாம் சில்லறை. படமும் கெட்டி அட்டையுமாக வரும் ஒரு நல்ல சிறுவர் புத்தகம் இங்கே இருநூறு ராண்டைச் சுலபமாகத் தாண்டும். அதில் 15 சதவீதம் வாட் வரியும் அடக்கம். ஓய்வூதியத்தில் வீடு நடத்தும் ஒரு பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

"ஒன்றும் கட்ட வேண்டாம் ஆயா. பையனை மட்டும் நாளைக்கு அனுப்புங்க" என்றேன். அவர் நம்பவில்லை. புத்தகத்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு மேசையில் வைத்தார்.

அந்தச் செயல் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், சரஸ்வதி பூசையன்று அடுக்கி வைத்துப் பொட்டு வைப்பதும் நம் பழக்கம். மொழி நழுவிப்போன வீடுகளில்கூட இந்த மரியாதை நழுவவில்லை என்பதைச் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். பெருமையாக இருக்கிறது. ஆனால் இந்த மரியாதையை எட்டு வயதுக் குழந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்றும் பார்க்க வேண்டும். புத்தகத்தை நனைத்துவிட்டால் அதற்கு அது சின்ன விபத்தாகத் தெரிவதில்லை, பாவமாகத் தெரிகிறது. பாவத்தை யாராவது சொல்லிக்கொண்டு வருவார்களா? கட்டிலுக்கு அடியில்தான் தள்ளும்.

அதற்கு மேல் பள்ளியின் அபராதம். நான் முதலில் வேலை பார்த்த ஒரு பள்ளியில், புத்தகம் திருப்பாதவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் இருந்தது. என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். அந்தப் பெயர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு நூலகத்துக்கு வந்தார்கள் என்று அன்றைக்கு நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அபராதம் இல்லையென்றால் புத்தகமே திரும்பாது என்பது பரவலான நம்பிக்கை. பெரிய நூலகங்கள் பல இதைத் துணிந்து சோதித்துப் பார்த்துவிட்டன. அயர்லாந்தின் பொது நூலகங்கள் 2019 தொடக்கத்திலேயே தாமத அபராதத்தை எடுத்துவிட்டன. அதே ஆண்டு சிகாகோவும் சான் ஃபிரான்சிஸ்கோவும், 2021-இல் நியூயார்க் பொது நூலகமும் எடுத்தன. சிகாகோவில் அறிவிப்பு வந்த கையோடு, வருடக்கணக்கில் வீடுகளில் ஒளிந்து கிடந்த புத்தகங்கள் வந்து குவிந்தன. பயம் போனதும் புத்தகம் வந்தது.

வாசகர் பணத்தை நம்பாமல் நூலகம் தொடங்கியதற்கு இந்த நாட்டு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. மார்ச் மாதம் நூலக வாரம் கொண்டாடும்போது பிள்ளைகளுக்குச் சொல்வேன். 1818 மார்ச் 20 அன்று கேப் டவுனில் பொது நூலகத்துக்கு ஆணை பிறந்தபோது, அதற்கான பணத்துக்குத் திராட்சை மதுவின்மேல் வரி போட்டார்கள். வாசிக்க வருகிறவர் பையில் கை வைக்கவில்லை. எங்கள் பள்ளி ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இதைத்தான் சொல்லி வாதாடினேன். இரண்டு கூட்டம் ஆயிற்று. கடைசியில் தாமத அபராதம் போயிற்று. தொலைந்த புத்தகத்துக்கு முடிந்தவர்கள் பணம் கட்டலாம், முடியாதவர்கள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பழைய கதைப் புத்தகம் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் பிள்ளை ஒரு பிரேக் நேரம் என்னோடு உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டுத் தரலாம். மூன்றாவதைத்தான் பிள்ளைகள் அதிகம் விரும்புகிறார்கள். புத்தகத்தைத் தொலைக்காத பிள்ளைகளும் வந்து கேட்கிறார்கள்.

இவ்வளவு தூரம் நான் மல்லுக்கட்டக் காரணம் உண்டு. 2021-இல் நடந்த பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை என்று தெரியவந்தது. 2016-இல் அது 78 சதவீதமாக இருந்தது. நூறு பேரில் எண்பத்தொரு பேர்! அரசுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் நூலகமே கிடையாது. நூலகம் உள்ள பள்ளியிலும், நனைந்த ஒரு புத்தகத்துக்காக ஒரு பிள்ளை ஒதுங்கிப் போகுமானால் அதை என்னால் ஏற்க முடியாது.

சரி, புத்தகம் நனைந்துவிட்டது. என்ன செய்வது? பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். டர்பன் கோடையில் இது வாரந்தோறும் நடக்கும் சங்கதி.

முதல் இரண்டு நாள்தான் முக்கியம். 48 மணி நேரத்துக்குள் உலரத் தொடங்காவிட்டால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். சூடு பட்டால் தாள் சுருண்டு, முதுகுப் பசை விட்டுப்போகும். பத்திருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளோ சமையலறைக் காகிதமோ செருகுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். செருகிய தாள் ஈரமானதும் மாற்றுங்கள். ஈரம் சொட்டுவது நின்ற பிறகு, பக்கங்கள் லேசாக விரிந்திருக்கும்படி புத்தகத்தை நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறி ஓடும் அறையில் விடுங்கள். காற்று நேராக அடிக்க வேண்டாம். முக்கால்வாசி காய்ந்ததும் படுக்க வைத்து மேலே கனமாக ஏதாவது வையுங்கள்.

வழவழப்பான தாளில் படம் போட்ட புத்தகமென்றால் இன்னும் அவசரம். அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் தாள் செருக வேண்டும். அதற்கு உடனே நேரம் இல்லையா? பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். உறைந்த புத்தகத்தில் பூஞ்சை வளராது, பக்கமும் மேற்கொண்டு ஒட்டாது. சனிக்கிழமை எடுத்து நிதானமாக உலர்த்தலாம். பெருவெள்ளத்தில் நனைந்த நூலகங்களைக் காப்பாற்றவும் வல்லுநர்கள் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது கூரை ஒழுகி எங்கள் கீழ்த் தட்டுகள் நனைந்தன. பள்ளி உணவுக்கூடத்தின் உறைபெட்டியில் பட்டாணிக்குப் பக்கத்தில் படப்புத்தகங்களை அடுக்கி வைத்துக் காப்பாற்றினோம்.

பூஞ்சை பிடித்துவிட்டதா? ஈரத்தோடு துடைக்காதீர்கள், பரவும். நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம், பையில் கட்டி எங்களிடம் கொடுத்துவிடுங்கள். சமோசா எண்ணெய் பட்டால் முகப்பவுடரைத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டுங்கள், பாதி போகும். மஞ்சள் கறை போகாது. தேய்த்தால் தாள்தான் போகும், விட்டுவிடுங்கள்.

கிழிந்ததை மட்டும் தயவுசெய்து வீட்டில் ஒட்டாதீர்கள். செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி, முறுகி, எழுத்தையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். மைதாப் பசையும் கூடாது. நல்ல எண்ணத்தோடு பசை காய்ச்சி ஒட்டிக் கொடுத்த ஆயாக்கள் உண்டு, அவர்கள் கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை விருந்து. ஒரு புத்தகத்தில் வந்து தட்டு முழுவதையும் அரித்துவிடும். கிழிந்த துண்டைத் தொலைக்காமல் புத்தகத்துக்குள் வைத்து அனுப்பினால் போதும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்றும் கேட்கிறார்கள். புத்தகம் கெட்டதும் முதல் வார்த்தை "எப்படிக் கெடுத்தே?" என்று வந்தால், அடுத்தமுறை அது உங்களிடம் வராது. "வா, காயவைக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். தாள் செருகுவதைப் பிள்ளையே செய்யட்டும். அப்படிச் செய்த பிள்ளைக்குப் புத்தகம் எப்படித் தைத்திருக்கிறது, முதுகு எங்கே பலவீனம் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும்.

நவம்பரில், வருடக் கடைசித் தேர்வுக்கு முன், நூலகக் கதவுக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டி வைக்கிறேன். மேலே, 'பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம், போட்டுவிட்டுப் போகலாம்' என்று எழுதியிருக்கும். ஆறு வருடத்துக்கு முன் போன புத்தகம்கூட வந்தது. எடுத்துப் போனவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான், தங்கை கொண்டுவந்து போட்டாள். இன்னொன்றில் நாய் கடித்த தடம். கூடவே அந்த நாயின் படத்தை வரைந்து, கீழே 'சாரி' என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அந்தப் படம் இப்போது என் பிஸ்கட் டின்னின் மூடியில் இருக்கிறது.

சுறாப் பையன் மறுநாள் வந்தான். வாசலிலேயே நின்றான். "ஓரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டாவது தூரிகை சும்மா கிடக்கிறது" என்றேன். மூன்று பிரேக் ஆயிற்று. மூன்றாம் நாள் பேசத் தொடங்கினான், முழுக்கச் சுறா. பின்னால் இருந்த நாலு பக்கம் ஒட்டியது ஒட்டியதுதான். மற்றதை மீட்டுவிட்டோம். புத்தகம் பழைய கனத்தைப்போல ஒன்றரை மடங்கு உப்பிவிட்டதால் தட்டில் மற்ற புத்தகங்களோடு சேராமல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதனாலோ என்னவோ, 597.3 பக்கம் வருகிற பிள்ளைகள் முதலில் அதைத்தான் உருவுகிறார்கள். இந்த வாரம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொண்டுபோயிருக்கிறாள். வியாழக்கிழமை திரும்பி வர வேண்டும்.