துண்டு போட்டு இடம் பிடிக்கும் வித்தை

ஊர்ப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் வண்டி முழுதாக நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்கள் உண்டு. படிக்கட்டில் முட்டி மோதி ஏறுகிறவர் எவ்வளவு திடகாத்திரமானவராக இருந்தாலும், உள்ளே போய்ப் பார்த்தால் சீட்டில் துண்டு கிடக்கும். கூடைப்பந்தில் ரீபவுண்ட் எடுப்பதும் பெரும்பாலும் இந்தக் கதைதான். டிவியில் நாம் பார்ப்பது, ஏழடி ஆள் ஒருவர் எகிறிப் பந்தைப் பறிக்கும் கடைசி அரை விநாடியை. துண்டு அதற்கு ஒரு விநாடி முன்பே விழுந்திருக்கும்.

குறி தவறி ரிங்கிலோ போர்டிலோ பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதுதான் ரீபவுண்ட். உலகின் மிகத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடும் அமெரிக்காவின் என்பிஏ லீகிலேயே எறிகிற பந்துகளில் பாதிக்கு மேல் ரிங்குக்குள் போவதில்லை. ஓர் ஆட்டத்தில் எண்பது, தொண்ணூறு பந்துகள் இப்படித் திரும்பி வரும். அவற்றில் ஏறக்குறைய கால் பங்கு எறிந்த அணிக்கே மறுபடி கிடைக்கிறது, மீதி எதிரணிக்கு. கூடைப்பந்துப் புள்ளியியலில் முன்னோடியான டீன் ஆலிவர், வெற்றியைத் தீர்மானிப்பவை என்று நான்கைச் சொன்னார்: எறிதல் 40 சதவீதம், பந்தை இழக்காமல் இருப்பது 25, ரீபவுண்ட் 20, எதிராளியின் ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் தடையில்லா எறிதலான ஃப்ரீ த்ரோ 15. அந்த 20 சதவீதத்துக்காக ஓர் அணி என்னென்ன பாடுபடும் என்பதைப் பார்க்க ஓக்லஹோமா சிட்டி தண்டர் நல்ல உதாரணம்.

2023-24 பருவத்தில் தண்டர் 57 ஆட்டங்களை வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. ரீபவுண்ட் கணக்கில் மட்டும் லீகின் கடைசி வரிசையில் கிடந்தது. அணியின் சென்டர், அதாவது ரிங்குக்கு அருகில் நிற்கும் பெரிய ஆள், செட் ஹோல்ம்கிரன். உயரம் 7 அடி 1 அங்குலம், எடை சுமார் 94 கிலோ. தென்னங்கன்று மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவதில் கெட்டிக்காரர். ஆனால் கனமான ஒருவர் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் நகர்ந்துவிடுவார். பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் டாலஸ் மேவரிக்ஸின் டேனியல் காஃபர்டும் டெரெக் லைவ்லியும் மாறி மாறி வந்து ரிங்குக்குக் கீழே நின்றார்கள். தண்டர் 4-2 என்று தொடரை இழந்தது.

அந்தக் கோடையில் அணி ஐசையா ஹார்டென்ஸ்டைனை ஒப்பந்தம் செய்தது: மூன்று ஆண்டுகள், 8.7 கோடி டாலர். அதற்கு முன் நியூயார்க் நிக்ஸில் ஆடியவர். உயரம் 7 அடி, அதாவது ஹோல்ம்கிரனைவிட ஓர் அங்குலம் குறைவு. எடை சுமார் 113 கிலோ, கிட்டத்தட்ட 20 கிலோ கூடுதல். அந்த 20 கிலோவுக்குத்தான் அவ்வளவு காசு என்று சொன்னால் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

ஏன் என்று பார்க்கலாம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து, ஏழேகால் மீட்டர் தூரத்தில் ஒருவர் எறிகிறார் என்று வையுங்கள். சுமார் 48 டிகிரி கோணத்தில் கிளம்பும் பந்து நாலரை மீட்டர் உயரம் வரை போய், 3.05 மீட்டர் உயரத்திலுள்ள ரிங்கை அடைய ஏறத்தாழ 1.2 விநாடி ஆகும். ரிங்கில் பட்டு மேலே எழும்பிக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்க இன்னும் அரை விநாடியோ முக்கால் விநாடியோ. ஆக, மொத்தம் இரண்டு விநாடிக்குள் காரியம் முடிந்துவிடும். குதிப்பதற்கான நேரம் இதில் கடைசிப் பகுதி மட்டுமே. 70 செ.மீ. எகிறும் ஒருவர் காற்றில் இருப்பது முக்கால் விநாடி. அதில் சரிபாதி நேரம் உச்சியிலுள்ள பதினேழு, பதினெட்டு செ.மீ.க்குள்ளேயே கழிகிறது. அதனால்தான் ஆள் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரிகிறது. பந்து விழும் இடத்துக்கு நேர் கீழே இல்லாதவருக்கு அந்த உச்சியால் ஒரு பயனும் இல்லை.

எனவே முதல் 1.2 விநாடியில், பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, தடுப்பு அணியின் ஆள் ரிங்கை மறந்துவிட்டுப் பின்னால் திரும்பி எதிராளியைத் தேடுகிறார். அவர் மேல் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி உட்கார்ந்த மாதிரி நிற்கிறார். இதுதான் பாக்ஸ் அவுட். துண்டு போடுவது என்று நான் சொன்னது இதைத்தான்.

இந்த நிலையில் இயற்பியல் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, உடலின் எடை மையம் கீழிறங்கி, பாதங்களுக்கு இடையே இடைவெளி கூடுவதால் அவரைச் சாய்க்க அதிக விசை வேண்டும். உரலைத் தள்ளிச் சாய்ப்பதற்கும் உலக்கையைச் சாய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் போல. இரண்டு, தரையோடு ஷூவுக்கு இருக்கும் பிடிப்பு, அதாவது உராய்வு, தரையை அழுத்தும் எடையைப் பொறுத்தது. ஒரே மாதிரி ஷூ போட்ட 113 கிலோ ஆள், வழுக்காமல் தாங்கக்கூடிய பக்கவாட்டு விசை 94 கிலோ ஆளைவிட 20 சதவீதம் அதிகம். மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. தாழ்ந்து நிற்பவர் வெறுமனே பின்னால் தள்ளுவதில்லை. எதிராளியின் தொடையில் இடுப்பை முட்டுக் கொடுத்துச் சற்று மேல்நோக்கியும் தூக்குகிறார். தூக்கப்படுபவர் தரையை அழுத்துவது அந்த அளவுக்குக் குறைகிறது. அவருடைய ஷூவின் பிடிப்பும் குறைகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அதே அளவு அழுத்தம் தூக்குபவரின் கால்களில் கூடுகிறது. எதிராளியின் எடையில் கொஞ்சத்தைத் திருடித் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார் என்று சொல்லலாம்! நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது நிற்கவைத்து, முதுகைக் கொடுத்து, ஒருமுறை நிமிர்ந்து நின்றும் ஒருமுறை உட்காருவது போல் தாழ்ந்தும் தள்ளிப் பாருங்கள். பீரோவை விட்டுத் தள்ளி நின்று செய்வது நல்லது.

இப்படி இடம் பிடிப்பவரே பந்தையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஓக்லஹோமா சிட்டியிலேயே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் ஆட்டத்துக்குச் சராசரி 10.7 ரீபவுண்ட் எடுத்தார்; வெளியே நின்று பந்தை நடத்தும் ஒரு கார்டுக்கு அது பிரமாதமான எண். அதே அணியின் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸ் எடுத்தது 7.7. நியூசிலாந்துக்காரரான ஆடம்ஸ் 120 கிலோ எடையுள்ளவர். எதிரணியின் மிகப் பெரிய ஆளைத் தன் முதுகால் அடைத்து வைப்பார். வெஸ்ட்புரூக் ஓடி வந்து காலி இடத்தில் விழும் பந்தை எடுத்து அப்படியே எதிர்ப்பக்கம் பறப்பார். கணக்குப் புத்தகத்தில் ரீபவுண்ட் வெஸ்ட்புரூக் பெயரில். ஒருவரின் சராசரி எண்ணை மட்டும் பார்த்து ஆளை வாங்கும் அணி இந்த இடத்தில்தான் ஏமாறும்.

ஆடுகளங்களில் கேமராக்கள் வந்த பிறகு இதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. 2013-14 முதல் எல்லா என்பிஏ அரங்குகளிலும் பந்தும் பத்து ஆட்டக்காரர்களும் எங்கே இருக்கிறார்கள் என்பதை விநாடிக்கு 25 முறை பதிவுசெய்யும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. ராஜீவ் மகேஸ்வரனும் அவருடைய சகாக்களும் அந்தத் தரவைக் கொண்டு ரீபவுண்டை மூன்றாகப் பிரித்தார்கள்: பந்து எறியப்படும் கணத்தில் நல்ல இடத்தில் நிற்பது, அது காற்றில் இருக்கும்போது இன்னும் நல்ல இடத்துக்கு விரைவது, கைக்கெட்டும்போது கோட்டைவிடாமல் பிடிப்பது. மூன்றிலும் ஒரே ஆள் சிறந்தவராக இருப்பது அபூர்வம். உயரம் முக்கியமாக உதவுவது மூன்றாவதில்.

முதல் இரண்டிலும் யாராலும் மிஞ்ச முடியாதவர் என்றால் டென்னிஸ் ராட்மன். 6 அடி 7 அங்குலம்தான். ரிங்குக்குக் கீழே நிற்பவர்களில் அது குள்ளம். 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் லீகிலேயே அதிக ரீபவுண்ட் சராசரி அவருடையது. சக ஆட்டக்காரர்கள் பயிற்சியில் எறியும்போது ஒவ்வொருவரின் பந்தும் எப்படிச் சுழல்கிறது, யாருடையது எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாராம். இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. மூலையிலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் ரிங்கைத் தாண்டி எதிர்மூலைப் பக்கம் போகும். தூரத்திலிருந்து வருவது தூரமாகத் தெறிக்கும். பின்சுழற்சி அதிகமுள்ள பந்து ரிங்கில் பட்டதும் வேகம் தணிந்து அருகிலேயே விழப் பார்க்கும். ராட்மன் இவற்றை ஆள்வாரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சரி, நல்ல பெரிய ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார். அப்புறம்? அங்கேதான் பெஞ்ச் பலம், அதாவது மாற்று ஆட்களின் பலம் என்ற கணக்கு ஆரம்பிக்கிறது. ஆட்டம் 48 நிமிடம். பவர் ஃபார்வர்டு, சென்டர் என்று ரிங்கடி இடங்கள் இரண்டு. ஆக மொத்தம் நிரப்ப வேண்டியது 96 நிமிடங்கள். தொடக்கத்தில் இறங்கும் இருவரும் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினாலும் 36 நிமிடம் மிச்சம். அதை யார் ஆடுவது? ஆறாவது ஃபவுலில் ஒருவர் வெளியேற வேண்டும். இரண்டு ஃபவுலைச் சீக்கிரம் வாங்கியவரைப் பயிற்சியாளரே உட்காரவைப்பார். இப்படி 82 ஆட்டங்கள், சில சமயம் அடுத்தடுத்த இரவுகளில். பாக்ஸ் அவுட் செய்வது மரத்தைத் தள்ளுகிற மாதிரி வேலை. களைத்த ஆளுக்கு முதலில் போவது இடுப்பைத் தாழ்த்தும் தெம்பு. நிமிர்ந்து நின்றுவிட்டால் மேலே சொன்ன மூன்று அனுகூலங்களும் போச்சு.

2024-25 பருவத்தில் தண்டருக்கு இந்தக் கணக்கு ஆரம்பத்திலேயே இடித்தது. அக்டோபரில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஹார்டென்ஸ்டைனின் இடது கை எலும்பு முறிந்தது. நவம்பர் 10 அன்று வாரியர்ஸுடன் ஆடும்போது ஹோல்ம்கிரன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்றாவது பெரிய ஆளான ஜெய்லின் வில்லியம்ஸ் ஏற்கெனவே தொடைத் தசைக் காயத்தில் இருந்தார். சென்டராக நின்றது யார் தெரியுமா? ஜேலன் வில்லியம்ஸ். அச்சுப்பிழை இல்லை, இவர் வேறு, அவர் வேறு. இவர் 6 அடி 5 அங்குலமுள்ள பக்கவாட்டு ஆட்டக்காரர். எதிரணியின் ஏழடி ஆட்களின் முன் இவரை நிறுத்தி அணி சமாளித்தது. ரீபவுண்டில் வாங்கிய அடியைப் பந்தைத் தட்டிப் பறிப்பதில் ஈடுகட்டியது. நவம்பர் 20இல் ஹார்டென்ஸ்டைன் வந்தார். ஹோல்ம்கிரன் திரும்ப பிப்ரவரி 7 ஆனது. இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து களத்தில் நின்றதே அன்றுதான். ஒருவர் இல்லாத நாளில் மற்றவர், இருவரும் இருக்கும் நாளில் இருவரும் என்ற அந்த ஏற்பாட்டோடு அணி 68 வெற்றி, 14 தோல்வி என்று பருவத்தை முடித்தது. ஹார்டென்ஸ்டைனின் சராசரி 10.7 ரீபவுண்ட்; வெஸ்ட்புரூக்கின் அதே எண்.

அப்படியானால் எல்லா அணிகளும் இரண்டு மலைகளை நிறுத்திவிட வேண்டியதுதானே? விலை இருக்கிறது. பெரிய ஆட்கள் இருவர் ரிங்குக்குக் கீழே நின்றால் உள்ளே பாய்ந்து வருகிற சொந்த அணிக்காரருக்கே வழி அடைபடும். தடுக்கும்போது, வெளியே ஓடும் வேகமான சின்ன ஆளைத் துரத்த முடியாது. சொந்தப் பந்தின் ரீபவுண்டுக்கு மூன்று பேரை அனுப்பினால், அது கிடைக்காதபோது எதிரணி காலி மைதானத்தில் ஓடிப்போய்ப் போட்டுவிடும். இந்தப் பயத்தில் என்பிஏ அணிகள் பல ஆண்டுகளாக அந்த ரீபவுண்டைக் கைகழுவிவிட்டு உடனே பின்வாங்கி ஓடின. இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2024-25இல் ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் நம் பழைய ஆடம்ஸையும் ஆல்பெரன் ஷெங்கூனையும் ஒன்றாக இறக்கி, தவறிய சொந்தப் பந்துகளைத் திரும்ப எடுப்பதில் லீகிலேயே முதலிடம் பிடித்தது. மூன்று புள்ளி எறிதல்கள் அதிகமாகிவிட்ட காலத்தில் தவறும் பந்துகளும் அதிகம்தானே, அவற்றை ஏன் சும்மா விட வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

தண்டரின் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட் இந்த விலையைக் கடைசிக் கட்டத்தில் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். 2025 ஜூனில் இண்டியானா பேசர்ஸுடன் இறுதித் தொடர். பேசர்ஸ் வேகமான அணி என்பதால் முதல் ஆட்டத்தில் ஹார்டென்ஸ்டைனைப் பெஞ்சில் வைத்து, கார்டான கேசன் வாலஸைத் தொடக்கத்தில் இறக்கினார். பேசர்ஸ் இருபது முறைக்கு மேல் பந்தைத் தொலைத்தது. சாதாரணமாக அப்படித் தொலைக்கும் அணி ஜெயிக்கவே முடியாது. ஆனால் ரீபவுண்ட் கணக்கு பேசர்ஸ் 56, தண்டர் 39. ஆட்டம் முடிய 0.3 விநாடி இருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட பந்தால் 111-110 என்று பேசர்ஸ் வென்றது.

மூன்று ஆட்டங்கள் முடிவில் பேசர்ஸ் 2-1 என முன்னிலை. நான்காவது ஆட்டத்துக்கு டெய்க்னால்ட் வாலஸை உட்காரவைத்து, ஹார்டென்ஸ்டைனையும் ஹோல்ம்கிரனையும் சேர்த்தே தொடக்கத்தில் இறக்கினார். அன்று தண்டருக்கு மூன்று புள்ளி எறிதல்களில் உள்ளே போனது மொத்தமே மூன்று. ஆட்டம் 111-104 என்று தண்டர் பக்கம் முடிந்தது. ஏழாவது ஆட்டத்தில் கோப்பையும் வந்தது.