ஃபில்டர் போட்டால் எக்செல் ஏன் உறைந்து நிற்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: முப்பதாயிரம் வரிகள் உள்ள ஷீட், ஃபில்டரில் ஒரு பெயரை டிக் செய்தால் திரை வெளுத்துப்போய் நிற்கிறது, ராம் கூட்டினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. ராம் கூட்டு, ரீஸ்டார்ட் பண்ணு, டெம்ப் ஃபைல்களை அழி என்பதெல்லாம் கணினி உலகின் மூடநம்பிக்கைகள், எப்போதாவது பலிப்பதால் உயிரோடு இருக்கின்றன. முப்பதாயிரம் வரி என்பது இன்றைய கணினிக்கு ஒரு சுமையே இல்லை.

முதலில் ஃபில்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது எதையும் நீக்குவதில்லை, பொருந்தாத வரிகளை மறைக்கிறது, அவ்வளவுதான். இடது ஓரத்தில் வரி எண்கள் நீல நிறமாகி 1, 7, 19, 42 என்று தாவுவதைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் உள்ளவை அங்கேயேதான் இருக்கின்றன. அதனால்தான் ஃபில்டர் போட்ட பிறகும் சம் ஃபார்முலா பழைய மொத்தத்தையே காட்டுகிறது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூட்ட வேண்டுமென்றால் சப்டோட்டல் போட வேண்டும். ஆக, வரிகள் மறைந்தால் சில ஃபார்முலாக்களின் விடை மாறும். அதனால் வரி மறைந்தாலே எக்செல் மறுகணக்கீட்டைத் தொடங்கிவிடும். நேரத்தைத் தின்பது பெயரைத் தேடும் வேலை அல்ல, இந்த மறுகணக்கீடுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக, எக்செல்லின் முன்னோடியான விசிகால்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது, அது ஷீட்டை வரி வரியாகவோ நெடுவரிசை நெடுவரிசையாகவோ கணக்கிட்டுக்கொண்டே போகும். மேலே உள்ள ஃபார்முலா கீழே உள்ள செல்லை நம்பியிருந்தால் முதல் சுற்றில் தப்பான விடை வரும், ஆச்சரியக்குறி விசையை அழுத்தி இன்னொரு முறை கணக்கிடச் சொல்ல வேண்டும். எக்செல் அப்படிச் செய்வதில்லை. எந்த செல் எந்த செல்லை நம்பியிருக்கிறது என்று ஒரு வரைபடத்தையே வைத்திருக்கிறது. நீங்கள் ஏ1-ஐ மாற்றினால் அதை நம்பியிருப்பவை, அவற்றை நம்பியிருப்பவை என்று சங்கிலியாகப் போய் எல்லாவற்றிலும் 'பழசு' என்று குறி போடும். மற்ற செல்களைத் தொடவே தொடாது. அப்புறம் குறி போட்டவற்றை ஒரு பட்டியல் வரிசையில் கணக்கிடத் தொடங்கும். சி5-க்கு வரும்போது அதற்குத் தேவையான டி9 இன்னும் பழசாகவே இருந்தால், கவுன்டரில் நிற்பவரிடம் "படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டு வாங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுவதுபோல, சி5-ஐப் பின்னால் அனுப்பிவிட்டு மேலே போகும். அழகு என்னவென்றால், இப்படித் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வரிசையை அது மறப்பதில்லை, அடுத்த முறை அதே ஒழுங்கில் தடங்கலின்றி ஓடும். அதனால்தான் ஃபைலைத் திறந்த பின் நடக்கும் முதல் கணக்கீட்டைவிட இரண்டாவது பல நேரம் வேகமாக இருக்கிறது. இந்த வரிசை ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. இன்றைய எக்செல் ஃபைல் (xlsx) என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல், நகல் எடுத்து ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்தால் கால்க்செயின் என்ற ஃபைல் உள்ளே கிடைக்கும்.

சரி, இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் ஏன் உறைகிறது? வரைபடத்தில் அடங்காத ஃபார்முலாக்கள் சில இருக்கின்றன. இன்டைரக்ட் தன் முகவரியை வெறும் எழுத்தாக வாங்குகிறது, அது எந்த செல்லைக் காட்டப்போகிறது என்று முன்கூட்டியே தெரியாது. ஒரு செல்லிலிருந்து இத்தனை வரி, இத்தனை நெடுவரிசை தள்ளி என்று இடம் காட்டும் ஆஃப்செட்டிலும் அது முன்கூட்டியே தெரியாது. இன்றைய தேதியைத் தரும் டுடே, இப்போதைய நேரத்தைத் தரும் நவ், ஏதோ ஒரு எண்ணைத் தரும் ராண்ட் மூன்றும் யாரும் தொடாமலே மாறக்கூடியவை. எக்செல் இவற்றையும் இவற்றை நம்பியிருக்கும் அத்தனை செல்களையும் ஒவ்வொரு முறையும் 'பழசு' என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு மூலையில் ஒரே ஒரு டுடே, அதை வைத்து முப்பதாயிரம் வரிகளிலும் நிலுவை நாள் கணக்கு என்றால், ஒவ்வொரு ஃபில்டருக்கும் முப்பதாயிரமும் புதிதாக ஓடும். கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் அழுத்தி அன்றைய தேதியை மதிப்பாகப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது, நாள் மாறும்போது ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும். ஆஃப்செட் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் இன்டெக்ஸ் ஃபார்முலா போதும்.

அந்தச் சங்கிலியில், ஒரு பெயரைப் பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப்பும் இருந்தால் நிலைமை மோசம். சரியான பொருத்தம் கேட்டால் அது மேலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும். முப்பதாயிரம் பேரை முப்பதாயிரம் வரிப் பட்டியலில் தேட சராசரியாக 45 கோடி ஒப்பீடுகள். அகரவரிசைப்படுத்திவிட்டு தோராயப் பொருத்தம் கேட்டால், ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பாதியாக்கிக்கொண்டே போய் ஆளுக்கு 15 ஒப்பீட்டில் முடித்துவிடும், மொத்தம் நாலரை லட்சம்தான். ஆனால் பட்டியலில் இல்லாத பெயருக்குச் சத்தமில்லாமல் பக்கத்துப் பெயரின் விடையைத் தந்துவிடும் என்பதால் ஜாக்கிரதை. புதிய பதிப்புகள் சரியான பொருத்தத்துக்கும் உள்ளுக்குள் ஒரு அட்டவணை கட்டி வேகமாக்கிக்கொள்கின்றன.

நம்மை விடுங்கள், பல ஆய்வகங்கள்கூட எக்செல்லை டேட்டாபேஸாகத்தான் ஓட்டுகின்றன. செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றித் தொலைத்ததால், 2020-இல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள்! கருவி வாங்க அள்ளிக்கொடுக்கும் நிதியாளர்கள் தரவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மறுகணக்கீடு தானாக நடக்காதபடி மேனுவலில் போட்டு, வேண்டும்போது மட்டும் எஃப்9 அழுத்திக் கணக்கிடச் சொல்லலாம், உடனே வேகமாகும். ஆனால் நீங்கள் முதலில் திறந்த ஃபைலின் அமைப்பே பிறகு திறக்கும் ஃபைல்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், பழைய மொத்தத்தைப் புதிது என்று நம்பி அனுப்பிவிடுவீர்கள். இதையே ஒரு சோதனைக்குப் பயன்படுத்தினால் நல்லது. மேனுவலில் போட்டு ஃபில்டர் அழுத்துங்கள். சட்டென்று முடிந்தால் குற்றவாளி ஃபார்முலாதான், ஃபைலின் நகலில் சந்தேகப்படும் நெடுவரிசைகளை ஒவ்வொன்றாக மதிப்புகளாக மாற்றிக்கொண்டே வந்தால் மாட்டிக்கொள்ளும். அப்போதும் உறைந்தால் கன்ட்ரோல் எண்ட் அழுத்திப் பாருங்கள், தரவு முடியும் இடத்தைத் தாண்டி எங்கோ பத்து லட்சமாவது வரியில் போய் நின்றால் அந்த வெற்று வரிகளை நீக்கிச் சேமிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், நகலெடுத்து ஒட்டி ஒட்டிப் பெருகிப்போன நிற விதிகளை (கண்டிஷனல் ஃபார்மேட்டிங்) பாருங்கள், அவை திரையில் செல் தெரியும்போதெல்லாம் ஓடுபவை.