ஜியோலொகேஷன்: தமிழில் இடமறிதல்

“எங்க இருக்கே? லொக்கேஷன் அனுப்பு” என்று தினமும் கேட்கிறோமே, அந்த லொக்கேஷன்தான் ‘ஜியோலொகேஷன்’ என்ற சொல்லிலும் இருப்பது. லத்தீனில் ‘லோகஸ்’ என்றால் இடம். நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘லோக்கல்’ அதன் பிள்ளை. (வடமொழி ‘லோகம்’ வேறு, ஓசை ஒத்துப்போவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) ‘ஜியோ’ கிரேக்கத்திலிருந்து வந்தது, நிலத்தைக் குறிப்பது.

ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. செயற்கைக்கோள் துணையோடு கைபேசி தான் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்வதும் ஜியோலொகேஷன். ஒரு படத்திலுள்ள மலை, மரம், கடைப்பலகை, நிழல் இவற்றைக் கொண்டு அது எங்கே எடுக்கப்பட்டது என்று மனிதர் துப்புத் துலக்குவதும் ஜியோலொகேஷன். முன்னதற்குப் ‘புவியிடங்காணல்’ சரி. பின்னதற்கு அதையே போட்டால் கருவி வாடை அடிக்கிறது.

பின்னது எப்படிப்பட்ட வேலை? 2018 ஜூலையில் ஒரு காணொளி பரவியது. படைவீரர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் நடத்திக் கூட்டிச்சென்று சுட்டுக்கொல்கிறார்கள். எங்கள் நாட்டில் நடந்ததே அல்ல என்று கேமரூன் அரசு முதலில் மறுத்தது. பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ புலனாய்வுக் குழு பார்த்தது பின்னாலிருந்த மலைத்தொடரைத்தான். அதன் மேடுபள்ளக் கோட்டைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டபோது, கேமரூனின் வடகோடியில் ஸெலெவெட் என்ற ஊரருகே அச்சாகப் பொருந்தியது. பிறகு வீடுகள், மரங்கள், பாதைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். நடந்துபோகும் வீரனின் நிழலே சூரியக் கடிகாரமாயிற்று: 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் நடந்தது என்று கணித்தார்கள். 2020-இல் நான்கு வீரர்களுக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது.

இதற்கு ‘இடமறிதல்’ என்பதே என் தேர்வு. புதிதாகச் செய்த சொல் அல்ல. திருக்குறளின் 50-ஆம் அதிகாரம் ‘இடனறிதல்’. இடம் என்பது கடைப்போலியாக இடன் ஆகியிருக்கிறது, அறம் அறன் ஆவதுபோல. அங்கே பொருள் வேறு: போருக்கு ஏற்ற களம் தேர்வது. ஆழநீரில் வெல்லும் முதலை வருவது அந்த அதிகாரத்தில்தான். பொருளைச் சற்றுத் திருப்புகிறோம், வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நிழலை வைத்து நேரம் கணிக்கும் பகுதிக்கும் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. முந்தைய அதிகாரம் ‘காலமறிதல்’!

‘இடமறிதல்’ என்பது மட்டும் போதாமல் குழப்பம் வருமென்றால் ‘படவழி இடமறிதல்’ என்று விரித்து எழுதலாம். நம் ஊர்ச் சாலைப் படம் ஒன்றில் மஞ்சள் தலை மைல்கல் தெரிந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. வண்டி எண் டி.என். 72 என்றிருந்தால் திருநெல்வேலிப் பதிவு. இடமறியும்போது மைல்கல்லை நம்புங்கள், வண்டி எங்கு வேண்டுமானாலும் போயிருக்கும்.