பேரைப் பார்த்துப் பேய்க்கதை எடுக்காதீர்கள்

நூலக இரவல் மேசைக்குத் திரும்பி வருகிற திகில் நாவல்களோடு ஒரு குறையும் சேர்ந்தே வரும்: "முந்தின மாதிரி இல்லை, இப்ப பயமே வருதில்லை." ஆங்கிலத்தில் ஸ்டீபன் கிங் வாசிப்பவரும் இதைத்தான் சொல்கிறார், தமிழ் மாத நாவல்களோடு வளர்ந்தவரும் இதைத்தான் சொல்கிறார். அடுத்த வரியில் தீர்ப்பு வந்துவிடும்: ஆளுக்குச் சரக்குத் தீர்ந்துபோச்சு.

நூலகப் பக்கமிருந்து பார்த்தால் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை. சரக்கு அப்படியே இருக்கும். வேண்டாததை வெட்டுகிற பதிப்பாசிரியரின் கைதான் இல்லாமல் போயிருக்கும்.

குடும்பக் கதையில் ஐம்பது பக்கம் கூடினால் இழுவை என்று முணுமுணுத்துக்கொண்டே வாசித்து முடித்துவிடலாம். பேய்க்கதையில் அந்த ஐம்பது பக்கம் கதையையே கொன்றுவிடும். கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத வரைக்கும்தான் பயம். அது யார், எப்போது செத்தது, யாரைப் பழிவாங்க வந்தது என்று விளக்க விளக்க, பேய் ஒரு வழக்காளியாகிவிடும். அதன் மீது இரக்கம் வரும், பயம் வராது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இன்றைக்கும் உறைப்பதற்குக் காரணம், அவள் யார் என்பதைக் கடைசிவரை உறுதியாகச் சொல்லாமல் விட்டதுதான்.

கிங்கின் 'த ஸ்டாண்ட்' நாவல் 1978இல் வந்தபோது கையெழுத்துப் படியில் ஏறக்குறைய 400 பக்கங்களைக் குறைக்கச் சொன்னது பதிப்பகத்தின் கணக்குப் பிரிவு. காரணம் இலக்கியமல்ல, செலவு. 1990இல் அவருடைய பெயர் போதிய அளவு பெரிதாகிவிட்டிருந்தது; வெட்டியவற்றில் பெரும்பகுதி திரும்பி வந்தது. எது நல்ல பதிப்பு என்று வாசகர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டாம் வரைவு என்பது முதல் வரைவில் 10 சதவீதத்தைக் கழித்தது என்று எழுத்துக்கலை பற்றிய தன் நூலில் கணக்குச் சொன்னவரும் இதே கிங்தான். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஆன் ரைஸ் இன்னும் வெளிப்படை. 2003இல் வந்த அவருடைய இரத்தக் காட்டேரி நாவலை வாசகர்கள் திட்டியபோது, தன் எழுத்தில் பதிப்பாசிரியர் கை வைக்கத் தான் விடுவதில்லை என்று 2004இல் பகிரங்கமாகவே பதில் எழுதினார். அட்டையில் ஆசிரியர் பெயர் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் இருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். உள்ளே யாரும் கத்தரி பிடித்திருக்கமாட்டார்கள் என்பதற்கு அது ஒரு குறி.

சரிவு நேர்கோடாகவும் வருவதில்லை. கிங்கின் 'மிசரி'யும் 'த டாமிநாக்கர்ஸ்'ஸும் ஒரே ஆண்டில், 1987இல் வந்தவை. முதலாவதை அவருடைய உச்சங்களில் வைப்பார்கள். இரண்டாவது மோசமான புத்தகம் என்று கிங்கே பின்னாளில் சொன்னார். 1981இல் வந்த 'கூஜோ'வை எழுதியது சரியாக நினைவில்லை, அவ்வளவு குடி என்றும் ஒத்துக்கொண்டார். ஆகவே "அந்த வருசத்துக்குப் பிறகு எல்லாம் குப்பை" என்று கோடு போடுகிறவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்க நாவலாசிரியர் வி. சி. ஆண்ட்ரூஸின் கதை வேறு விதம். அவர் 1986இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பெயரில் ஆண்ட்ரூ நைடர்மன் எழுதி வருகிறார். தரம் குறைந்துவிட்டது என்று புகார் சொல்லுமுன், எழுதியது அதே ஆள்தானா என்று பார்க்க வேண்டும்.

தமிழில் நோய் வேறு. வார இதழ்த் தொடர் ஒவ்வொரு வாரமும் ஒரு 'தொடரும்' கேட்கும். கடைசி வரியில் கதவு திறக்கும், கை ஒன்று தோளில் விழும், அவள் 'வீல்' என்று அலறுவாள். அடுத்த வாரம் பார்த்தால் அது மாமியாரின் கை. ஏழு நாள் இடைவெளியில் வாசகர் மன்னித்துவிடுவார். அதையே திருத்தாமல் கட்டிப் புத்தகமாக்கினால், பத்துப் பக்கத்துக்கு ஒரு பொய்ப் பயம் வரும். நாலாவதோடு மனம் மரத்துப்போகும். மாத நாவலுக்கோ பக்க எண்ணிக்கை முன்கூட்டியே முடிவானது. 16 பக்க அச்சுமடிப்புகள் (ஃபாரம்) ஆறு என்றால் 96 பக்கம். கதை 70இல் முடிந்தாலும் நீட்ட வேண்டும், 130 கேட்டாலும் முடிவை இரண்டு பக்கத்தில் அமுக்க வேண்டும். "முடிவு சொதப்பல்" என்ற புகாரில் பாதி அச்சகத்துக்குப் போக வேண்டியது. 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைத் தொடராகப் படித்தவரும் புத்தகமாகப் படித்தவரும் இரண்டு விதமாகப் பேசுவதற்கும் இது ஒரு காரணம்.

இந்தியப் பதிப்பின் விலையை இலங்கை ரூபாவுக்குப் பெருக்கித்தான் இங்கே வாங்குகிறோம். அதனால் அலுமாரி முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்தால் நட்டமில்லை. முதலில் பதிப்பு விபரப் பக்கம்: முதற்பதிப்பு எந்த ஆண்டு, தொடராக வந்ததா, சுருக்கப் பதிப்பா, கூட்டாக எழுதியதா. பழைய கதை புது அட்டையோடு வந்து 'புதிய நாவல்' போல நிற்பது சாதாரணம். பிறகு நடுப்பக்கம். 240 பக்கமென்றால் 120ஐத் திறந்து நாலு பக்கம் வாசியுங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் மினுக்கியிருப்பார்கள், நடுவில்தான் வேலைத்திறன் தெரியும். அங்கேயே பேயின் முழுச் சரித்திரமும் சொல்லியாகிவிட்டதென்றால் மிச்சம் ஓட்டமும் துரத்தலும்தான். அதே பக்கத்தில் 'திடீரென்று' எத்தனை தடவை, மூன்று புள்ளி எத்தனை, ஆச்சரியக்குறி எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றும் சேர்ந்து பத்தைத் தாண்டினால், கதை செய்ய வேண்டியதைக் குறிகள் செய்கின்றன. அடுத்தடுத்த மூன்று அத்தியாயங்களின் கடைசி வரிகளையும் பாருங்கள். மூன்றும் அலறலென்றால் திருப்பி வையுங்கள்.

நமது ஊரான திருகோணமலையைப் பின்னணியாக்கிய கதையென்றால் வேலை இன்னும் சுலபம். சுவாமிமலையில் நின்று, கோணேசர் கோயிலுக்குக் கீழே கடலில் சூரியன் மறைவதைப் பார்த்து நாயகி நடுங்கினால், எழுதியவர் இங்கே வரவில்லை. இது கிழக்குக் கரை, கடலில் சூரியன் உதிக்கத்தான் செய்யும். ஜூலை மாதத்தில் கடல் கொந்தளித்து வாடைக்காற்று ஊளையிட்டாலும் அப்படித்தான். அந்த மாதத்தில் இங்கே அடிப்பது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று; காய்ந்து கொதிக்கும், கடல் நிலாவெளிப் பக்கம் குளம் போலக் கிடக்கும். வாடையும் கடுங்கடலும் கார்த்திகை, மார்கழிக்கு உரியவை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒன்பதல்ல. இதைச் சொன்னால் குற்றம் பிடிப்பதாக நினைப்பார்கள். ஆனால் தெரிந்த இடத்தை நம்பும்படி எழுதினால்தான், அதில் தெரியாத ஒன்று நுழையும்போது உடம்பு சிலிர்க்கும். இன்னொன்று: உப்புவெளியின் இரண்டாம் உலகப்போர் மயானத்தையோ சுனாமி கொண்டுபோன கரையையோ வெறும் பேய் அரங்காக்குகிற எழுத்து இங்கே எடுபடாது. அந்தக் கரை மணலில் சொந்தக்காரரைத் தேடியவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பயம் வரவில்லையென்றால், கோளாறு வாசிக்கிறவரிடமும் இருக்கலாம். ஒரே வகை அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பச் சந்தித்தால் உடல் அதற்குப் பழகிவிடும். சோதனை எளிது. பதினைந்து வயதில் தூங்கவிடாமல் செய்த நாவலை எடுத்து, அதே பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள். அதுவும் சப்பென்று இருந்தால் எழுத்தாளரைத் திட்ட வேண்டாம். ஆறு மாதம் திகிலை விட்டுவிட்டு வேறு வாசியுங்கள், நாக்குக்கு ருசி திரும்பிவிடும்.

நூலகத்துக்குக் கொள்வனவுப் பரிந்துரை எழுதும்போது "இன்னாருடைய எல்லா நாவலும்" என்று எழுதாதீர்கள். தலைப்பை எழுதுங்கள், எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது "சரியில்லை" என்பதோடு நிற்காமல், எந்தப் பக்கத்தில் பயம் விட்டுப்போனது என்று ஒரு துண்டில் குறித்து உள்ளே வையுங்கள். அடுத்து எடுக்கிறவருக்கும், அடுத்த கொள்வனவுப் பட்டியல் போடுகிறவருக்கும் அந்தப் பக்க எண் போதும்.