புகை வரலன்னா ஆபத்து இல்லன்னு யாருங்க உங்களுக்கு சொன்னது?

மறுபடியும் ஒரு குடும்பம், மறுபடியும் அதே கதை: குளிருக்கு வீட்டுக்குள்ள எரிச்சதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு. எமர்ஜென்சில நைட் ட்யூட்டி முடிச்சு வந்து தூங்க வேண்டிய நேரத்துல உக்காந்து இத டைப் பண்றேன்னா அவ்ளோ கோவமும் வருத்தமும் இருக்கு. பனியே பாத்து பழக்கமில்லாத இடத்துல திடீர்னு பனிப்புயல் அடிச்சு கரண்டும் போயிடுச்சுன்னா, ரோட்ல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு வர்றவங்க வருவாங்க, அது எதிர்பாத்தது தான். ஆனா வீட்டை விட்டு ஒரு அடி கூட வெளிய வைக்காதவங்க சுயநினைவு இல்லாம வந்து சேர்றது தான் தாங்க முடியல.

இந்த குடும்பத்துல பாட்டிய மட்டும் தான் காட்டணும்னு கூட்டிட்டு வந்தாங்க (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரம் மாத்தியிருக்கேன்). "எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க டாக்டர், நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல போல, எங்களுக்கும் லேசா தலைவலி வாந்தி இருக்கு"ன்னாங்க. ஒரே வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, யாருக்கும் காய்ச்சல் இல்ல, வெளிய வந்ததும் பசங்களுக்கு கொஞ்சம் பரவால்லன்னு கேட்டாலே எங்களுக்கு மணி அடிச்சிடும். "வீட்டுக்குள்ள என்ன எரிச்சீங்க?"ன்னு கேட்டேன். "கரி அடுப்பு தான், ஆனா வெளிய வச்சு நல்லா பத்தி புகையெல்லாம் அடங்குனதுக்கு அப்புறம் தான் உள்ள கொண்டு வந்தோம் டாக்டர்."

இந்த ஒரு வரிய கேட்டு கேட்டு எனக்கு அலுத்துடுச்சு. ப்ளீஸ், இத மட்டுமாவது முழுசா படிங்க. கண்ணுக்கு தெரியுற புகை வேற, ஆள கொல்ற கார்பன் மோனாக்சைடு வேற. புகைங்கிறது சரியா எரியாத துகள், அது கண்ண எரிக்கும், இருமல் வரும், நீங்களே எழுந்து கதவ திறந்துடுவீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டையில ஒரு கரகரப்பு கூட வராது. புகை அடங்கி கரி செவசெவன்னு கனிஞ்சு நிக்குதே, "இப்ப தான் சேஃப்"னு நினைச்சு உள்ள தூக்கிட்டு வர்றீங்களே, அப்ப அது பாட்டுக்கு அந்த வாயுவ வெளிய விட்டுட்டே தான் இருக்கு. மேல சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரி தெரியும்போதும் உள்ள கனல் இருக்குற வரைக்கும் வரும். குளிருக்கு பயந்து ஜன்னல் கதவு இடுக்கெல்லாம் துணி வச்சு அடைச்ச ரூம்ல இத வச்சுட்டு தூங்குனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம்.

அடுத்து "ஜன்னல கொஞ்சம் திறந்து தான் வச்சிருந்தோம்". அதனால ஒரு ஜெனரேட்டரோ கரி அடுப்போ சேஃப் ஆகாது. கராஜ் கதவ முழுசா திறந்து வச்சுட்டு உள்ள ஜெனரேட்டர் ஓட்டுறதும் அதே தப்பு தான், வீட்டுக்குள்ள வந்து சேந்துடும். ஜெனரேட்டர் வீட்ல இருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுப் பக்கம் பாக்காம, கதவு ஜன்னல் கிட்ட இல்லாம வெளிய தான் இருக்கணும். பால்கனி வெளியில இல்ல, அதுவும் வீடு தான். சமைக்குற கேஸ் அடுப்ப ஹீட்டரா மணிக்கணக்குல எரிய விடாதீங்க. கார்ல உக்காந்து ஹீட்டர் போட்டுக்கலாம்னு நினைச்சா முதல்ல கராஜ்ல இருந்து கார வெளிய எடுங்க, சைலன்சர் குழாய்ய பனி மூடியிருக்கான்னு இறங்கி பாத்து தோண்டி விடுங்க, பனி கொட்டிட்டே இருந்தா அது மறுபடி மூடிக்கும். கேஸ் ஹீட்டிங் இருக்குற வீடுன்னா அதோட புகைக்குழாய் சுவத்துல எங்க வெளிய வருதுன்னு தெரிஞ்சு வச்சு அங்க பனி அடைக்காம பாத்துக்கோங்க.

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல 2021 பிப்ரவரி பனிப்புயல்ல லட்சக்கணக்கான வீடுகள்ல கரண்ட் போச்சு. அந்த மாநில சுகாதாரத் துறை கணக்குல 246 சாவு, அதுல 19 கார்பன் மோனாக்சைடால. பெரும்பாலானவங்க குளிர் தாங்காம போனவங்க, அதனால "குளிர்ல நடுங்கிட்டு இருங்க"ன்னு நான் சொல்லல, குளிரும் கொல்லும். எரிக்காமயே சூடா இருக்க வழி இருக்கு, அத பண்ணுங்கன்னு தான் கெஞ்சுறேன்.

வீட்ல இருக்குற எல்லாரும் ஒரே ரூமுக்கு வந்துடுங்க, சின்ன ரூமா, ஜன்னல் கம்மியா இருந்தா நல்லது. கதவுக்கு அடியில டவல் வைங்க, ராத்திரி திரைய இழுத்து விடுங்க, வெயில் வந்தா திறந்து விடுங்க. ஒரே ஒரு தடி ஸ்வெட்டர விட மெல்லிசா மூணு அடுக்கு நல்லா சூட்ட புடிச்சு வைக்கும். தலைக்கு தொப்பி, காலுக்கு சாக்ஸ், நனைஞ்ச துணிய உடனே மாத்திடுங்க. தரையில படுக்காதீங்க, மெத்தையோ கம்பளியோ அடியிலயும் இருக்கணும், மேல மட்டும் போத்துனா பத்தாது. சரக்கு அடிச்சா சூடாகும்னு நினைக்காதீங்க, சூடான மாதிரி தோணும், உண்மையில உடம்பு இன்னும் வேகமா சூட்ட இழக்கும்.

வயசானவங்கள அடிக்கடி பேச்சு குடுத்து பாருங்க. உடம்பு சூடு 35 டிகிரி செல்சியஸுக்கு கீழ போனா பேச்சு குழறும், நடை தடுமாறும், சம்பந்தமில்லாம பேசுவாங்க. நடுங்கிட்டு இருந்தவங்க நடுக்கம் நின்னு மந்தமானா "தேவலாம் போல"ன்னு விட்டுடாதீங்க, அது முத்திப்போன அறிகுறி, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. கைக்குழந்தைக்கு நடுங்கக் கூட சரியா தெரியாது, அதுக்காக நாலு போர்வைய முகம் வரைக்கும் போத்தி மூச்சடைக்க வச்சிடாதீங்க, துணிய அடுக்கி போட்டு விடுங்க.

கார்பன் மோனாக்சைடுன்னு சந்தேகம் வந்தா செல்ஃபோன தவிர எதையும் எடுக்காதீங்க. எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போங்க, வெளிய நின்னு எமர்ஜென்சி நம்பருக்கு போன் பண்ணுங்க, மறுபடி உள்ள போகாதீங்க. பால், எலுமிச்சை ஜூஸ்னு வாட்ஸப்ல வர்ற எதுவும் ரத்தத்துல இருந்து அத எடுக்காது. சாதா காத்துல இருந்தா அந்த அளவு பாதியா குறையவே 4, 5 மணி நேரம் ஆகும், நாங்க குடுக்குற ஆக்சிஜன்ல சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதியா குறைஞ்சிடும், அதுக்கு தான் ஆஸ்பத்திரி. அப்புறம் அந்த விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர், கொரோனா டைம்ல எல்லாரும் வாங்கி வச்சது, இந்த விஷயத்துல அத நம்பவே நம்பாதீங்க. ரத்தத்துல ஆக்சிஜன சுமக்குற ஹீமோகுளோபின்ல ஒட்டியிருக்குறது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடான்னு அதுக்கு பிரிச்சு பாக்க தெரியாது, ஆள் மயங்கி கிடக்கும்போதும் 98னு காட்டும். அந்த பாட்டிக்கும் நார்மல்னு தான் காட்டுச்சு, ரத்தம் எடுத்து பாத்தப்ப தான் உண்மை தெரிஞ்சுது. கர்ப்பிணியா இருந்தா அம்மா தெம்பா இருந்தாலும் வயித்துல இருக்குற குழந்தைக்கு பாதிப்பு அதிகமா இருக்கலாம், வந்தே ஆகணும். சரியாகி வீட்டுக்கு போனவங்களுக்கும் சில நாள், சில வாரம் கழிச்சு மறதி, குணத்துல மாற்றம், நடையில தடுமாற்றம் வரலாம், வந்தா திரும்ப காட்டுங்க, வயசாகுதுன்னு ஒதுக்காதீங்க.

இன்சுலின் எடுக்குறவங்க, ஃப்ரிட்ஜ் ஓடலன்னு இன்சுலின பனியில வைக்காதீங்க, உறைஞ்சு போச்சுன்னா உருகுனாலும் போட்டுக்க கூடாது. வீட்ல ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கவங்க சிலிண்டர் பேக்கப்ப புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே ரெடி பண்ணுங்க, அது பக்கத்துல மெழுகுவர்த்தி ஏத்தாதீங்க. ஏற்கனவே இதயத்துல ப்ராப்ளம் இருக்கவங்க மண்வெட்டிய தூக்கிட்டு பனி அள்ள கிளம்பாதீங்க, வேற யாராவது அள்ளட்டும்.

கடைசியா, பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி தூங்குற ரூம் பக்கத்துல மாட்டுங்க. வீட்ல இருக்குற புகை அலாரம் இத கண்டுபிடிக்காது, ரெண்டும் சேந்தே வர்ற மாடல்னு பெட்டியில போட்டிருந்தா தான் உண்டு. பின்னாடி காலாவதி தேதி போட்டிருக்கும், பாத்து மாத்துங்க. நடுராத்திரி கத்துதுன்னு பேட்டரிய கழட்டி வச்சுட்டு படுத்தவங்களையும் நான் பாத்திருக்கேன், அத மட்டும் பண்ணாதீங்க, எல்லாரையும் எழுப்பி கூட்டிட்டு வெளிய வாங்க.