வட்டம் ஏன் முட்டையாகிறது: மெஷின் எம்பிராய்டரியில் நூலும் துணியும்

எம்பிராய்டரி மெஷின் கைக்கு வந்ததும் பலரும் ஒரு பூவிலோ பெயரெழுத்திலோ தொடங்குவார்கள். நான் வெறும் வட்டத்தில் தொடங்கச் சொல்வேன். 5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், உள்ளே முழுக்க ஒரே நிறத்தில் கிடைக்கோட்டுத் தையல், கடைசியாகச் சுற்றிலும் வேறு நிறத்தில் மெல்லிய ஓரக்கோடு. மெல்லிய பருத்தித் துணியில், அடியில் எதையும் வைக்காமல் தைத்துப் பாருங்கள். திரையில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருந்த வட்டம் துணியில் முட்டையாகியிருக்கும். இடமும் வலமும் நிரப்புக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவே துணி பல்லிளிக்கும். மேலும் கீழும் நிரப்பு கோட்டைத் தாண்டிப் பிதுங்கியிருக்கும்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு முட்டையைத் தைத்தபோது மெஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். மெஷின் சொன்னபடிதான் செய்திருந்தது. இந்தக் கலையில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த முட்டைக்குள்ளேயே இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் ஒரு தையல் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். ஊசி மேல்நூலைத் துணிக்குள் இறக்குகிறது. அடிவரை போய்ச் சற்றே மேலேறும்போது, நூல் ஊசியின் பின்பக்கம் ஒரு சிறு கண்ணியாக உப்புகிறது. சுழன்று வரும் கொக்கியின் கூர்முனை அந்தக் கண்ணியைப் பிடித்து, அடிநூல் சுற்றிய பாபினை முழுவதுமாகச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. மேலே இருக்கும் நெம்புகோல் மிச்ச நூலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. இரண்டு நூல்களும் துணிக்குள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. வீட்டு மெஷினில் இது நிமிடத்துக்கு 600 முறை, அதற்கு மேலும்கூட நடக்கிறது.

சாதாரணத் தையலில் துணி நேராகப் போகிறது. எம்பிராய்டரியில் துணியை வளையத்தில் மாட்டி, அந்த வளையத்தையே இடமும் வலமும் முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். ஊசி இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. இந்த யோசனை கணினியைவிட மிகப் பழையது. பிரான்சின் முலூஸ் நகரில் ஜோசுவே ஹைல்மன் 1828-இல் உருவாக்கிய மெஷினில் நகர்ந்ததும் துணிச் சட்டம்தான். பெரிதாக வரைந்த படத்தின்மேல் ஒருவர் கம்பியை நகர்த்த, அதோடு இணைந்த சட்டம் சிறிய அளவில் அதே பாதையில் நகரும். 1863-இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி, நூல் தொடர்ந்து ஓடும் மெஷினை அமைத்தார். அதில் அடிநூலைச் சுமந்து செல்லும் ஷட்டில் படகு வடிவில் இருந்ததால், அந்நாட்டு ஜெர்மன் பேச்சுவழக்கில் ‘சிறு படகு’ என்று பொருள்படும் ‘ஷிஃப்லி’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

இன்று கம்பி பிடித்த கையின் வேலையைக் கணினிக் கோப்பு செய்கிறது. அந்தக் கோப்புக்குள் படம் எதுவும் கிடையாது. பரவலாகப் புழங்கும் டிஎஸ்டி வகைக் கோப்பைத் திறந்தால் அது வெறும் நடைக்குறிப்புதான்: வலப்பக்கம் இத்தனை, மேலே இத்தனை, இங்கே குத்து. அளவு 0.1 மில்லிமீட்டர் கணக்கில், ஒரு நகர்வு அதிகபட்சம் 12.1 மில்லிமீட்டர். நூலின் நிறம்கூட அதில் பதிவாவதில்லை, நிறம் மாற்ற நிற்க வேண்டிய இடம் மட்டும்தான் உண்டு. துணி பருத்தியா, பனியன் துணியா, துண்டா என்பதும் கோப்புக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே ஈடுகட்டுவது தைப்பவரின் வேலை.

இனி முட்டைக்கு வருவோம். பூட்டிய ஒவ்வொரு தையலும் இழுவிசையோடு துணியில் கிடக்கிறது. இரு முனைகளிலும் துணியைப் பற்றிக்கொண்டு உள்நோக்கி இழுக்கிறது. ஒரு தையலின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நிரப்புத் தையலில் வரிசைகளின் இடைவெளி வழக்கமாக 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 10 சென்டிமீட்டர் சதுரத்தை நிரப்ப 250 வரிசைகள். ஒரு தையல் 4 மில்லிமீட்டர் என்றால் 6,250 குத்துகள், துணியின் மேல்பக்கத்தில் மட்டும் 25 மீட்டர் நூல். உள்ளங்கை அளவுத் துணியில் அத்தனை நூலும் ஒரே திசையில் இழுக்கிறது! தையல் ஓடும் திசையில் வடிவம் சுருங்குகிறது. அதற்குக் குறுக்குத் திசையிலோ, புதிதாக வந்து அமரும் ஒவ்வொரு வரிசையும் இடம் தேடிப் பக்கத்து இழைகளை நெட்டித் தள்ளுவதால் வடிவம் நீள்கிறது. கிடையில் சுருங்கி நெடுக்கில் நீண்ட வட்டம்தான் நம் முட்டை.

இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம், மூன்றும் சேர்ந்தே வேண்டும்.

முதலாவது ஸ்டெபிலைசர் எனப்படும் தாங்குதாள். துணியின் இழைகள் நகரக்கூடியவை, குறிப்பாகச் சாய்வாக இழுத்தால் பாவும் ஊடையும் எளிதில் வளைந்துகொடுக்கும். அடியில் வைக்கும் தாள் அந்த அசைவைத் தடுத்து இழுவிசையைத் தானும் பங்கிட்டுக்கொள்கிறது. நெய்த துணிக்குக் கிழித்தெடுக்கும் தாள் பெரும்பாலும் போதும். பனியன் துணி போன்ற பின்னலாடைக்கு, வெட்டியெடுத்த பிறகும் தையலுக்கடியில் நிரந்தரமாகத் தங்கும் தாள்தான் வேண்டும், ஏனென்றால் அந்தத் துணி துவைக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி நீளப் பார்க்கும். துண்டு போன்ற கண்ணித் துணியில் மேலேயும் தண்ணீரில் கரையும் படலம் ஒன்றை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் கண்ணிகளுக்குள் புதைந்துவிடும். வளையத்தில் மாட்டும்போது துணி சுருக்கமின்றி விறைப்பாக நிற்க வேண்டும், ஆனால் இழுத்து நீட்டப்பட்டிருக்கக் கூடாது. நீட்டி மாட்டிய பின்னல் துணி வளையத்தை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும், தையலோ திரும்பாது. பூவைச் சுற்றி வரும் அந்த அலையலையான சுருக்கம் இதனால்தான்.

இரண்டாவது அடித்தையல். கண்ணுக்குத் தெரியும் நிரப்பு தொடங்குமுன், அதற்குக் குறுக்கான திசையில் அகன்ற இடைவெளியோடு சில வரிசைகள் ஓடும். துணியையும் தாளையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது அவற்றின் வேலை. மேல்தையல் முழுவதும் மூடிவிடுவதால் இது வீண் என்று நினைத்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. என் அனுபவத்தில், தைத்த பூ சப்பையாகவும் ஓரம் பிசிறலாகவும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது, வேண்டுமென்றே பொய்யாக வரைவது. ஒவ்வொரு வரிசையும் சுருங்கும் என்று தெரிந்தே இரு முனைகளிலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் நீட்டி வைக்கிறார்கள். கட்டணமில்லாத இங்க்ஸ்டிச் உட்பட, வடிவத்தைத் தையலாக மாற்றும் மென்பொருள்களில் இதற்குத் தனி அமைப்பே இருக்கிறது. திரையில் பக்கவாட்டில் பருத்திருக்கும் வடிவம் துணியில் வட்டமாக அமர்கிறது.

டென்ஷன் எனப்படும் நூலிறுக்கமும் இந்த இழுபறியில் ஒரு பங்காளி. எம்பிராய்டரியில் மேல்நூலைச் சாதாரணத் தையலைவிடத் தளர்வாக வைப்பார்கள், அடிநூல் மேலே எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காக. இடமும் வலமும் மாறி மாறி நெருக்கமாகத் தைத்த சாட்டின் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடிநூலும், இருபுறமும் மேல்நூலும் தெரிந்தால் சமநிலை சரி. துணிக்கு அடியில் நூல் கூடுபோல் சிக்கிக்கொண்டால் எல்லோரும் பாபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மேலே இருக்கிறது. துணியை அழுத்தும் பாதம் இறங்கியிருக்கும்போது, மேல்நூலைப் பற்றும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். அந்த நிலையில் நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு நடுவே போகாமல் வெளியிலேயே ஓடும், பிடிமானமின்றிக் கீழே கொட்டும். பாதத்தை உயர்த்திவிட்டு மறுபடி கோத்தால் தீர்ந்தது.

நூல் அடிக்கடி அறுந்தால் ஊசியை மாற்றிப் பாருங்கள். கொக்கியைச் சுற்றிவர ஒவ்வொரு தையலுக்கும் பல சென்டிமீட்டர் நூல் இறங்குகிறது, தையலில் தங்குவது சில மில்லிமீட்டர்தான், மீதி திரும்ப ஏறுகிறது. அதனால் நூலின் ஒவ்வொரு பகுதியும் துணியில் அமருமுன் ஊசிக்கண் வழியே பலமுறை ஏறி இறங்கியிருக்கும். எம்பிராய்டரி ஊசியின் கண் அகலமாக இருப்பது இந்த உராய்வைக் குறைக்கத்தான். வழக்கமான 40 எண் நூலுக்கு 75 எண் ஊசி பொருந்தும். 75 என்பது 0.75 மில்லிமீட்டர் தடிமன்.

கணினி மெஷின் இல்லாதவர்களும் ஏங்க வேண்டாம். சாதாரணத் தையல் மெஷினில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, வளையத்தைக் கையால் நகர்த்தித் தைக்கலாம். அப்போது கைதான் கோப்பு. ஊசி நொடிக்கு 10 முறை குத்த, கை நொடிக்கு 2 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு தையலும் 2 மில்லிமீட்டர். காலும் கையும் ஒத்துப்போகச் சில நாட்கள் ஆகும். நூல் துணியை இழுப்பதை விரல்நுனியில் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இழுவிசை கைவசமான பிறகு ஒளியோடு விளையாடலாம். ரேயான் நூலின் வழவழப்பான நீள இழைகள், தாம் கிடக்கும் திசையைப் பொறுத்தே ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு இலையை நடுநரம்பில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் தையலை இடச்சாய்வாகவும் மறுபாதியை வலச்சாய்வாகவும் வையுங்கள். நூல் ஒன்றே, பச்சை ஒன்றே. தைத்து முடித்த துணியை ஜன்னலோரம் எடுத்துப்போய் மெல்லத் திருப்பினால், வெளிர்ந்திருந்த பாதி கருக்கிறது, கருத்திருந்த பாதி வெளிர்கிறது.